ஒன்பதாவது வாளி

நீல வாளிகள் எங்கள் சந்துக்குள் வந்த அன்று மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கைவண்டிக்காரன் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டு எண்கள் எழுதிய ஒரு சீட்டை எடுத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியும், சந்து தெரியாது. எனக்குச் சந்து தெரியும். ஒன்பது வீடுகளையும் ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டி அனுப்பியவள் நான்தான். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு.

என் தொழில் ஏப்ரன் தைப்பது. சந்தின் முனையில் இறால் உரிக்கும் கொட்டகை இருக்கிறது. அங்கே நிற்கிற பெண்களுக்குக் கழுத்திலிருந்து முழங்கால்வரை கட்டிக்கொள்ளத் தார்ப்பாய்த் துணியில் ஏப்ரன் வேண்டும். கொட்டகை கொடுக்காது, அவரவர் தைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் உப்புத் தண்ணீரில் நாடா இற்றுப்போகும், மறுபடி என்னிடம் வருவார்கள். சந்தில் நாற்பது வீடு. வீட்டுக்கு ஒருத்தியோ இரண்டு பேரோ கொட்டகைக்குப் போகிறவர்கள். ஆகவே இந்தச் சந்தில் யாருக்குத் தோள் இறங்கியிருக்கிறது, யாருக்கு இடுப்பு பெருத்திருக்கிறது, யார் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் எனக்கு அளவு நாடாவிலேயே தெரிந்துவிடும். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் எனக்கு வராது. என் புருஷன் இருந்த காலத்தில், உன் வாய்க்கு ஒரு நாடா தைத்துக்கொள் என்று தினமும் ஒரு தடவை சொல்லுவார். தைத்திருக்கலாம்.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்குள் லாரி வந்துவிடும். நீள மேசைகளில் ஐஸ் தண்ணீரோடு இறாலைக் கொட்டுவார்கள். தலையைத் திருகி எறிந்து, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுக்க வேண்டும். ஒரு இறாலுக்கு மூன்று மூச்சு நேரம். தலையிலுள்ள முள் குத்தாத விரல் கிடையாது. மத்தியானத்துக்குள் விரல் நுனி வெள்ளையாக ஊறித் தோல் உரிய ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் படிகாரம் கரைத்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வரும், தோல் கெட்டிப்படும், மறுநாள் போகலாம். உரித்த தட்டுகளை எடை போடுகிறவன்தான் அங்கே எல்லாம். காலையில் வேலை டோக்கன் கொடுப்பவனும் அவன்தான். அவனுக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தோம். நேரில் சார்.

என் கடைக்கு அடுத்த வீடு ஐஸ்காரனுடையது. கொட்டகையில் பாளம் பாளமாக வரும் ஐஸைக் கூர்க்கம்பியால் உடைப்பவன். நல்ல உழைப்பாளி, கோபக்காரன். அந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி அவனுடைய அக்கா. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் தம்பியோடு வந்து சேர்ந்தவள், நாற்பதைத் தாண்டியவள். அவளை மூத்தவள் என்று சொல்கிறேன். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி. இருபத்தைந்து வயது, சிரித்த முகம், சந்திலேயே வேகமான கை. அவள் சின்னவள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு சண்டை போடாத வீடு என்று எங்கள் சந்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதை நான் கிண்டல் செய்வேன். ரெண்டு பேரும் சேர்ந்து எவளையாவது விஷம் வச்சுக் கொல்லத்தான் இப்படி ஒத்துமையா இருக்கீங்க என்பேன். சிரிப்பார்கள்.

வாளி வருவதற்கு ஒரு மாதம் முன்னால், கொட்டகை வேலையைப் பற்றிக் கணக்கெடுக்கிற சர்வேப் பெண் ஒருத்தி வந்தாள். ஒல்லியான பெண், தோளில் பிளாஸ்டிக் பை, மழைக்காகக் காகிதங்களை இரண்டு உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். வந்தவள் முதலில் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நாங்கள் குடிக்கிற பானையிலேயே மொண்டு குடித்தாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கொட்டகைக்குப் போகிற எல்லாப் பெண்களிடமும் பத்து நிமிஷம் கேள்வி கேட்டாள். எத்தனை மணிக்குப் போகிறாய், கழிப்பறைக்கு விடுகிறார்களா, கை புண் ஆனால் மருந்து உண்டா என்று. கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. வேலை இடத்தில் உனக்கு மேலே இருக்கிற யாராவது உன் இஷ்டமில்லாமல் உன்மேல் கை வைத்தது உண்டா, உண்டு இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்பாள். அந்தக் கேள்விக்குச் சந்து முழுக்க ஒரு வாரம் சிரித்தது. உண்டு என்று சொன்னவர்களை மட்டும் அவள் பிறகு தனியாக ஒரு மணி நேரம் பேச அழைத்தாள். பேச இடம்? என் கடையின் பின்னறை.

அவள் எவ்வளவு யோசித்திருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம் எனக்கு. சந்தில் கதவு உள்ள அறை என் பின்னறை ஒன்றுதான். ஏப்ரனைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். பேசுகிறவரைக்கும் நான் முன்னால் உட்கார்ந்து மிஷினை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்றாள். யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என ஒரு தாளில் என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். என் புருஷன் பார்த்திருந்தால் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்தாவதாக வந்தவள் மூத்தவள்.

கையில் ஏப்ரன் வைத்திருந்தாள். அதன் நாடா நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். இவள் இரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை. மிஷினை மிதித்து மிதித்து எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வெளியே வந்து என் பானைத் தண்ணீரில் முகம் கழுவினாள். பிறகு ஏப்ரனை என்னிடம் நீட்டினாள். நான் ஒன்றும் கேட்காமல் நல்ல நாடாவின்மேல் இன்னொரு தையல் போட்டுக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு போனாள்.

எல்லாவற்றையும் யோசித்தவள் வாளியை யோசிக்கவில்லை. பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேர வேலை போனதே, அதற்கு ஈடாக ஏதாவது பொருள் கொடுப்பது அவர்கள் அலுவலகத்தில் முறையாம். தண்ணீர் பிடித்து வைக்க உபயோகமாக இருக்கட்டும் என்று மூடி போட்ட பெரிய நீல வாளி. எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ நல்ல மனதோடு முடிவு செய்திருக்கிறார்கள்.

வாளி வந்த மறுநாள் காலை குழாயடியில் வரிசை. வாளி கிடைக்காத ஒருத்தி புலம்ப ஆரம்பித்தாள். நாங்களும்தான் பதில் சொன்னோம், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை, ஆள் பார்த்துக் கொடுக்கிறார்களா என்று. விட்டிருக்கலாம். எனக்கு அவள்மேல் வேறு விஷயத்தில் கொஞ்சம் காந்தல் இருந்தது.

"ஒரு மணி நேரம் உக்காந்து பேசினவங்களுக்குத்தான் வாளி. உனக்குப் பேச என்னடி இருக்கு?" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. வரிசையில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, யார் முன்னால் நீல வாளி இருக்கிறது என்று பார்த்தன. எல்லாருக்கும் அந்தக் கடைசிக் கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் யார் பெயரையும் சொல்லவில்லை, போட்ட கையெழுத்தை மீறவில்லை. அப்படித்தான் அன்று முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாளில் தராசின் காதுக்குப் போயிற்று. அவன் கத்தவில்லை. காலையில் டோக்கன் கொடுக்கும்போது, நீல வாளி வீட்டுக்காரிகள் வந்தால், இன்னிக்கு சரக்கு கம்மி, நாளைக்குப் பாக்கலாம் என்று மட்டும் சொன்னான். லாரிகள் என்னவோ வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தன. ஒருத்தி வாளியைக் கூரைமேல் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடினாள். ஒருத்தி தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஒருத்தி அதற்குச் சிவப்புச் சாயம் பூசினாள், அது பாதி உரிந்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. மறைக்க மறைக்கத்தான் சந்து கவனித்தது.

ஐஸ்காரன் வீட்டில் யாரும் மறைக்கவில்லை. சின்னவளுக்கு விஷயமே தெரியாது. சர்வேக்காரர்கள் வீட்டுக்கு ஏதோ கொடுத்திருக்கிறார்கள், நல்ல வாளி என்று நினைத்து, ஒரு வாரம் அதில்தான் வாசலில் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டினாள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அந்த நீல வாளியையும் அவள் சிரித்த முகத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் யாராக இருக்கும் என்று சந்து இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. வயதானவளை எவன் தொடப்போகிறான் என்பது அவர்கள் கணக்கு.

எட்டாம் நாள், உனக்கும் ஒரு வாளி வந்திருக்காமே, பெண்டாட்டி நல்லாப் பேசுவாளோ என்று தராசு ஐஸ்காரனிடம் கேட்டிருக்கிறான். பத்து ஆட்களுக்கு முன்னால். அவன் கம்பியை அங்கேயே போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தான்.

முதலில் வாளி வாசலில் உருண்டு வந்து என் படியில் முட்டியது. நான் மிஷினை விட்டு எழுந்து ஓடினேன். உள்ளே சின்னவள் சுவரோரம் நின்றிருந்தாள். குழந்தை அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. மூத்தவள் அடுப்பின் முன்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

"அந்த ரூமுக்குள்ள போனது நீயா இல்லையா?" என்றான் அவன்.

"நான் இல்லைங்க. சத்தியமா நான் போகல."

"நீ இல்லேன்னா வேற யாரு? வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. எங்க அக்காவைச் சொல்றியா?"

கத்தி நின்றது. சின்னவள் அடுப்புப் பக்கம் பார்த்தாள். மூத்தவளின் முதுகுதான் தெரிந்தது. அது அசையவில்லை. அந்தப் பெண் அந்த முதுகை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது, அதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் புரிந்ததை நான் பார்த்தேன்.

"இல்ல," என்றாள். "அண்ணியைச் சொல்லல."

"அப்போ நீதான்."

அவள் குழந்தையைத் தன் காலிலிருந்து பிரித்துத் தள்ளி நிறுத்தினாள். அவன் அறைந்தான். தோடு காதைக் கிழித்துக்கொண்டு எங்கோ போய் விழுந்தது. நான் நடுவில் புகுந்து தள்ளினேன். அவன் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்கு மறக்காதது. அவன் குரலில் கோபம் இறங்கிப்போய் அழுகை இருந்தது.

"நடந்திருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும் டெய்லரக்கா. நான் செத்தா போயிட்டேன்? கண்டவகிட்ட சொல்லி வாளி வாங்கிட்டு வந்திருக்கா."

மறுநாள் காலை பெண்டாட்டியை அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டான். ஆறு மணி நேர பஸ் பயணம் அது. குழந்தையை அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். மழை பெய்துகொண்டிருந்தது. சின்னவள் ஒரு பையோடு என் கடைக்குள் வந்து நின்றாள். காதில் துணி வைத்துக் கட்டியிருந்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லிடாதீங்க."

ஏண்டி, உன் பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உன்னைத் துரத்துகிறான், நீ யாருக்காகப் பார்க்கிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள், தனக்குப் பிரசவத்தில் ஜன்னி கண்டபோது பதினெட்டு நாள் அண்ணி வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து அவள் துணியெல்லாம் துவைத்துப் போட்டாளாம். பெற்ற தாய் இரண்டு நாளில் திரும்பிப் போய்விட்டாளாம். நான் போய்விட்டால் எல்லாரும் நான்தான் என்று முடிவு செய்துவிடுவார்கள், அண்ணிக்கு டோக்கன் கிடைத்துவிடும், குழந்தைக்கும் சாப்பாடு கிடைக்கும் என்றாள். இதையெல்லாம் ஏதோ மார்க்கெட்டுக்குப் போகிறவள் மாதிரி சொல்லிவிட்டு, குழந்தை பால் கேட்டால் சூடு ஆற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று இறங்கி நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஐஸ்காரனே என்னிடம் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. உள்ளே போனது அவளா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னான். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றேன். ஊரில் எல்லாருடைய கதையையும் பேசுகிற வாய்க்கு இப்போது என்ன பூட்டு என்று கேட்டான். திறக்கக் கூடாத நேரத்தில் திறந்தேன், இப்போது மூடிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுந்தது.

அன்று மத்தியானம் சர்வேப் பெண்ணுக்குப் போன் போட்டு நன்றாகத் திட்டினேன். மறுநாளே வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். வாளியைப் பற்றித் தன்னை யாரும் கேட்கவில்லை என்றாள். பிறகு, இல்லை, நான் கேட்டிருக்கணும் என்று தானே சொன்னாள். ஐஸ்காரன் வந்து அவள் முன்னாலும் நின்றான். யார் என்று சொல்லு, இல்லை, அவள் இல்லை என்றாவது சொல்லு என்றான்.

"சொல்ல முடியாதுண்ணா. அவங்க இல்லேன்னு நான் சொன்னா, வேற யாருன்னு சொன்ன மாதிரி ஆயிடும். யாரைப் பத்தியும் எதுவும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அந்த வாக்கு இந்தச் சந்தில் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். தலை குனிந்துகொண்டாள். ஆனாலும் சொல்லவில்லை. அவளை அறையலாம்போல இருந்தது. அவள் சொல்லியிருந்தால் அப்போதும் அறைந்திருப்பேன்.

எல்லா வீட்டுக்கும் ஒரு வாளி கொடுத்துவிட்டால் எந்த வீடு என்று அடையாளம் போய்விடும், முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்றாள். அலுவலகத்தோடு சண்டை போட்டு மூன்றாம் நாள் ஒரு வண்டி நிறைய வாளி கொண்டு வந்தாள். கடையில் நீலம் தீர்ந்துபோயிற்றாம். அத்தனையும் பச்சை. அந்தப் பச்சை வாளிகளை அவள் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைக் கண்டு, கைவண்டிக்காரன்கூட ஒன்றும் கேட்காமல் இறக்கி வைத்தான்.

அப்போதுதான் மூத்தவள் வந்தாள். இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் நீல வாளி. குழந்தை அழுது அழுது குரல் கம்மியிருந்தது. நேராகப் பின்னறைக்குப் போனாள். சர்வேப் பெண் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்த, நான் பழக்கதோஷத்தில் மிஷினில் கால் வைத்தேன்.

"டெய்லரும் உள்ள வரட்டும்," என்றாள் மூத்தவள்.

போனேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். முதலில் நான்தான் பேசினேன், எல்லாம் என் வாயால் வந்தது என்று.

"தெரியும். குழாயடியில நாலு ஆளுக்குப் பின்னால நானும்தான் நின்னேன்," என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதற்கு அவள் என்னைக் காறித் துப்பியிருக்கலாம்.

பிறகு சர்வேப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னியேம்மா. எப்ப வேணாலும், நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கலாம்னு."

"எடுத்துக்கலாம். அது உங்க உரிமை."

"எடுத்துட்டா என்ன ஆகும்?"

"உங்க தாளை அழிச்சிடுவோம். உங்க எண் பட்டியல்ல இருக்காது. நீங்க பேசினதா எங்கயும் இருக்காது."

"அப்போ இந்த வீட்டுல இருந்து யாரும் பேசலைன்னு என் தம்பிகிட்ட சொல்ல முடியுமா? பொய் இல்லாம?"

வெளியே பச்சை வாளிகளை யாரோ எண்ணுகிற சத்தம் கேட்டது.

"முடியும். எங்க பட்டியல்ல உங்க வீட்டுல இருந்து யாரும் இல்லேன்னு சொல்லலாம், காட்டலாம். ஆனா அக்கா, நீங்க சொன்னதுதான் ஒன்பதுலயே முழுசா இருக்கு. இடம், நேரம், எத்தனை வருஷம்னு எல்லாம். மத்தவங்க பாதியிலயே நிறுத்திட்டாங்க. இதை எடுத்துட்டா அந்த ஆள்மேல நிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும்."

"தெரியுது."

நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். தம்பியிடம் நீயே சொல்லிவிட்டால் என்ன, பெண்டாட்டியை அடித்தவன் உன்னை அடிக்கவா போகிறான் என்று.

"என்னை அடிக்க மாட்டான். அதான் பயம்," என்றாள் மூத்தவள். "அப்பன் ஆத்தா போனப்ப அவனுக்கு ஏழு வயசு. நான் வீட்டு வேலை செஞ்ச இடத்துல குடுக்கற ரொட்டியை மடியில கட்டிட்டு வந்து வளர்த்தேன். பொண்டாட்டின்னதும் அவளை அடிச்சான். நான்னு தெரிஞ்சா கம்பியைத் தூக்கிட்டுக் கொட்டகைக்குப் போவான். கொன்னுட்டுத்தான் வருவான். அப்புறம் அவளுக்குப் புருஷன் ஏது, இதுக்கு அப்பன் ஏது?"

குழந்தை என் ஏப்ரன் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதன் கையையே பார்த்தபடி தொடர்ந்தாள். எனக்கு வேண்டாதது, நான் கேட்காதது. ஆனால் ஒரு தடவையாவது, தெரிந்த மனுஷியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கும்.

"குளிர் ரூமுக்குத் தட்டு எடுத்துட்டு வான்னு தராசு கூப்பிடுவான். கதவு கனம். உள்ள கத்தினா வெளிய கேக்காது. ஆனா அந்தப் பக்கத்துச் சுவர் மெலிசு. என் தம்பி ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். பதினோரு வருஷம். கூப்பிட்டா வந்துடுவான்னுதான் நான் கூப்பிடவே இல்ல."

சர்வேப் பெண் பையைத் திறந்து இரண்டு உறைகளையும் பிரித்தாள். ஐந்தாவது கட்டு நான்கு தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தது. மூத்தவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் அழுததும் எழுதியிருக்கியா?"

"இல்லக்கா. சொன்னது மட்டும்தான்."

"சரி," என்றாள். தானே கிழித்தாள். படிகாரத்தில் ஊறிக் கெட்டிப்பட்ட விரல்கள் அவளுக்கு. நான்காக, எட்டாக, அதற்குமேல் கிழிக்க முடியாத அளவுக்குக் கிழித்தாள். அந்தத் துண்டுகளை என் தையல் கழிவு மூட்டையில் தார்ப்பாய்த் துணுக்குகளோடு போட்டேன். சர்வேப் பெண் அவள் பட்டியலையும் புதிதாக எழுதினாள். ஒரு எண்ணை இரண்டு தடவை எழுதி ஒன்றை அடித்தாள்.

வாளியால் சந்துக்கே தெரிந்துபோன அந்த எட்டு வீட்டு எண்களை ஐஸ்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எண்களின்மேல் விரலை வைத்து மெல்ல இறங்கினான். எட்டு எண்கள், அவன் வீட்டு எண் அதில் இல்லை. மறுபடி மேலிருந்து வந்தான்.

"அப்போ வாளி?"

"உங்க வீட்டுக்கு அது வந்திருக்கக் கூடாதுண்ணா. எங்க தப்பு. எடுத்துட்டுப் போறேன்."

அவன் என் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து பஸ் நிலையத்துக்குப் போனான். மறுநாள் மத்தியானம் சின்னவளை அழைத்துக்கொண்டு வந்தான். அவள் பையை அவன்தான் சுமந்து வந்தான். என்ன சொல்லி அழைத்து வந்தான் என்று எனக்குத் தெரியாது. குழந்தை அவளைக் கண்டு ஓடவில்லை, கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தது. காது சரியாக ஒட்டவில்லை. இனி அந்தக் காதில் தோடு போட முடியாது.

சரக்கு அதிகம் வரும் பருவம் தொடங்கியதும் தராசுக்குக் கைகள் வேண்டியிருந்தன. எல்லாருக்கும் டோக்கன் கொடுத்தான். அதற்குள் நீல வாளி வாங்கியவர்களில் இரண்டு குடும்பம் சந்தைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

நான்கு மாதம் கழித்து சர்வேப் பெண் அச்சடித்த புத்தகத்தோடு வந்தாள். எங்களிடம் கேட்டதை எங்களுக்கே படித்துக் காட்டுவது முறையாம். வேலைக்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் கிடைத்தது. என் கடை வாசலில் இருபது முப்பது பேர் நின்றார்கள். கைப் புண், கழிப்பறை எல்லாம் படித்தாள். பிறகு அந்தப் பக்கம் வந்தது. எட்டுப் பெண்கள் தனியாகப் பேசினார்கள் என்று படித்தாள். அவர்கள் சொன்னதில் இடமும் காலமும் உறுதியாகக் கிடைக்காததால் குறிப்பிட்ட யார்மேலும் நடவடிக்கை பரிந்துரைக்கப்படவில்லை என்றும், புகார்ப் பெட்டி ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறது என்றும் படித்தாள். பெட்டி ஏற்கனவே வந்துவிட்டது. தராசுக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள், சாவி அவன் இடுப்பில். கடைசியாக, பேசியவர்கள் யாருடைய அடையாளமும் எவ்விதத்திலும் வெளிப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதைப் படிக்காமல் தாண்டப் பார்த்தாள். புத்தகம் என் பக்கம் திரும்பியிருந்ததால் நான் பார்த்துவிட்டேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. ஒருத்தி விஷயத்தில் அது நிஜம்.

ஐஸ்காரன் கம்பியைத் தோளில் சாத்திக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அக்கா. அவளுக்குப் பின்னால் சின்னவள், அண்ணியின் ஏப்ரன் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டு பேரு," என்றான் அவன். "பாவம். வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"சொல்லியிருக்கலாம்டா," என்றாள் மூத்தவள்.

சின்னவள் முடிச்சை இன்னும் ஒரு தடவை இறுக்கினாள். சங்கு ஊதியது. பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அவன் முன்னால் நடந்தான், அவர்கள் இருவரும் பின்னால் போனார்கள். நான் மிஷினில் உட்கார்ந்து ஒரு நாடாவைப் பொருத்தி வைத்தேன், மிதிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் ஐஸ் உடைக்கிற சத்தம் என் கடைவரைக்கும் கேட்டது.